எவரெஸ்ட் அடிவார முகாம் நடை: முதல்முறை செல்வோருக்கு ஒரு வழிகாட்டி

எவரெஸ்ட் அடிவார முகாம் வரை நடந்து திரும்ப விரும்புவோர் என்னிடம் முதலில் கேட்பது, "ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் நடக்க வேண்டும்?" என்பதுதான். பெரும்பாலான நாள்களில் பத்துக் கிலோமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். நம் ஊரில் தினமும் காலை நடை போகிறவர்களுக்கு அது பெரிய தூரம் அல்ல. கயிறோ பனிக்கோடரியோ தேவைப்படாத கற்பாதைதான் முழுவதும். அவர்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு: "ஒவ்வோர் இரவும் எந்த உயரத்தில் உறங்கப் போகிறோம்?" காலைத் தேநீரிலிருந்து இரவு விளக்கை அணைப்பது வரை இந்த நடையின் அன்றாடம் முழுவதும் அந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் அமைந்திருக்கிறது.

அடிவார முகாம் 5,364 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய பாதி என்பதால், ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனும் பாதிதான். உடல் இதற்குப் பழகிக்கொள்ளும். ஆனால் அதற்கு நாள்கள் வேண்டும். ஆகவே 3,000 மீட்டருக்கு மேல் சென்றபின் உறங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பதும், மூன்று நான்கு நாள்களுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னோர் இரவு தங்க வேண்டும் என்பதும் மலை மருத்துவத்தின் அடிப்படை விதிகள். உங்கள் பயணத் திட்டத்தைக் கையில் வாங்கியதும் படங்களைப் பார்க்காமல், இந்த விதிகளோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். பன்னிரண்டு நாள் நடையை எட்டு நாளில் முடித்துத் தருவதாக யாரேனும் சொன்னால், கட்டணம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் அவர்களோடு போகாதீர்கள்.

கிளம்புவதற்கு முன்

குறைந்தது மூன்று மாதங்களாவது பழகிக்கொள்ளுங்கள். ஓட்டத்தைவிடப் படியேறுவது பயன் தரும். வெள்ளியங்கிரியோ பருவதமலையோ அருகில் இருந்தால், ஐந்து கிலோ பையைச் சுமந்து ஏறி இறங்குவதைவிட நல்ல பயிற்சி கிடையாது. ஏறும்போது மூச்சு வாங்குவதைக் கண்டு எல்லோரும் கவலைப்படுகிறார்கள். முழங்காலைப் பதம் பார்ப்பது இறக்கம்தான் என்பதால், இறங்குவதற்கும் அதே கவனத்தைக் கொடுங்கள். காலணிகளைப் புதிதாக வாங்கி அப்படியே மலைக்குக் கொண்டு போகாமல், ஒரு மாதமாவது போட்டு நடந்து பழக்கிவிடுங்கள்.

இந்தியர்களுக்கு நேபாளத்தில் விசா தேவையில்லை. விமானப் பயணத்துக்குப் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அடையாள அட்டை வேண்டும். பாஸ்போர்ட்டையே எடுத்துச் செல்வது நல்லது. பூங்கா நுழைவுக் கட்டணத்தில் சார்க் எனப்படும் தெற்காசிய நாடுகளின் குடிமக்களுக்கு உள்ள சலுகையைப் பெறவும் அது உதவும். காப்பீடு எடுக்கும்போது ஒன்றை மட்டும் எழுத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள்: 6,000 மீட்டர் உயரம் வரை ஹெலிகாப்டர் மீட்பு அதில் அடங்கியிருக்க வேண்டும். சாதாரணப் பயணக் காப்பீடு பெரும்பாலும் அதற்கு வெகு கீழேயே நின்றுவிடும்.

உடல் பழகுவதற்குள் உயரம் ஏறுவதால் வரும் உயர நோயைத் தடுக்கப் பலரும் எடுத்துக்கொள்ளும் அசிட்டசோலமைடு என்ற மாத்திரையைப் பற்றி ஊரிலேயே மருத்துவரிடம் பேசிவிடுங்கள். சல்ஃபா மருந்துகள் ஒத்துக்கொள்ளாதவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இந்த மாத்திரை உடல் பழகுவதை விரைவுபடுத்துமே தவிர, விதிகளை மீறி ஏறுவதற்கான உரிமம் அன்று. விரல் நுனிகளில் மதமதப்பும் அடிக்கடி சிறுநீர் கழிக்கும் தேவையும் ஏற்பட்டால் அஞ்ச வேண்டாம். அவை அதன் வழக்கமான விளைவுகள்.

பொருள்களைப் பொறுத்தவரை, நடை தொடங்கும் ஊரான லுக்லாவுக்குச் செல்லும் விமானத்தில் பொதுவாகப் பதினைந்து கிலோதான் அனுமதி. அதற்குள் அடக்கப் பழகுங்கள். நல்ல உறக்கப்பை, தெர்மல் உள்ளாடை இரண்டு செட், தூவி அடைத்த மேல்சட்டை, மழைச்சட்டை, கம்பளிக் குல்லா, தலைவிளக்கு, கறுப்புக் கண்ணாடி, இரண்டு ஒரு லிட்டர் பாட்டில்கள் ஆகியவை இன்றியமையாதவை. நம்மவர்கள் பருப்புப்பொடியும் ஊறுகாய்ப் பாக்கெட்டுகளும் கூடவே எடுத்துச் செல்லுமாறு மனமாரச் சொல்வேன். 4,000 மீட்டருக்கு மேல் பசி மங்கிப்போகும். அப்போது பழகிய ஒரு ருசிதான் நான்கு கவளத்தை உள்ளே இறக்கும்.

முதல் இரண்டு நாள்கள்

காட்மாண்டுவிலிருந்து லுக்லாவுக்குச் சிறு விமானத்தில் பறக்க வேண்டும். கூட்டம் மிகுந்த பருவங்களில் விமானங்கள் ராமேச்சாப் மாவட்டத்தின் மந்தலியிலிருந்து கிளம்புவதால், நள்ளிரவு தாண்டியதும் வண்டியேறி நான்கைந்து மணி நேரம் சாலையில் போக நேரிடும். லுக்லாவின் ஓடுபாதை 527 மீட்டர் நீளமே உடையது. ஒரு முனையில் மலைச்சுவர், மறுமுனையில் பள்ளத்தாக்கு. மேகம் மூடினால் விமானம் வராது. அதனால் ஊர் திரும்பும் பயணச்சீட்டை இரண்டு நாள் இடைவெளி விட்டே எடுத்து வையுங்கள்.

லுக்லா 2,860 மீட்டர். அங்கிருந்து முதல் நாள் நடை மேலே போவதில்லை, சற்று இறங்கி 2,610 மீட்டரில் உள்ள பாக்டிங்கில் முடிகிறது. தொட்டபெட்டா உச்சி 2,637 மீட்டர். அதாவது, தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரத்தின் உயரம் இங்கே முதல் இரவின் படுக்கை. மூச்சு சீராக இருக்கும், பசி எடுக்கும், "இவ்வளவுதானா?" என்று தோன்றும். அந்த எண்ணத்தை நம்பி வேகத்தைக் கூட்டிவிடாதீர்கள்.

இரண்டாம் நாள் மொஞ்சோவில் சாகர்மாதா தேசியப் பூங்காவுக்குள் நுழைந்து, தூத்கோசி ஆற்றின் மேல் வெகு உயரத்தில் தொங்கும் பாலத்தைக் கடந்து, நாம்சே பஜாருக்கு ஏற வேண்டும். 1976-இல் தொடங்கப்பட்ட இந்தப் பூங்கா 1979 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களமாக உள்ளது. நாம்சே 3,440 மீட்டர். ஒரே நாளில் 830 மீட்டர் ஏற்றம். மேலே சொன்ன விதிக்கு இது பொருந்தவில்லையே என்று நீங்கள் கேட்டால், கேள்வி சரியானதே. நடுவில் தங்குமிடங்கள் குறைவு என்பதால் இந்தத் தாவல் பழக்கமாகிவிட்டது. அதற்கு ஈடாகத்தான் நாம்சேயில் இரண்டு இரவுகள் தங்குகிறார்கள். முடிந்தவர்கள் பாக்டிங்குக்குப் பதில் மொஞ்சோவில் முதல் இரவைக் கழித்தால் தாவல் சற்றுக் குறையும்.

ஒரு நாளின் ஒழுங்கு

நாம்சேக்குப் பிறகு நாள்கள் ஒரே அச்சில் வார்த்தவை போல நகரும். வழிகாட்டிகள் இதை "ஆறு, ஏழு, எட்டு" என்று சுருக்கிச் சொல்வார்கள்: ஆறு மணிக்கு விழிப்பு, ஏழு மணிக்குக் காலை உணவு, எட்டு மணிக்கு நடை. விழித்ததும் முதல் வேலை டஃபிள் பையைக் கட்டி அறை வாசலில் வைப்பது. நீங்கள் கஞ்சி குடிப்பதற்குள் சுமைதூக்கிகள் அதை எடுத்துக்கொண்டு முன்னே போய்விடுவார்கள். ஆகவே பகலில் தேவைப்படும் தண்ணீர், மழைச்சட்டை, குல்லா, மருந்து எல்லாம் உங்கள் முதுகுப்பையில் இருக்க வேண்டும்.

நடையின் வேகத்தை வழிகாட்டி தீர்மானிப்பார். "பிஸ்தாரை, பிஸ்தாரை" என்று நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருப்பார். நேபாளியில் "மெதுவாக" என்று பொருள். பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகமே சரியான வேகம். மூச்சிரைத்து நின்று, தணிந்ததும் விரைந்து, மறுபடி நின்று போகிறவரைவிட, கோயில் தேர் போல நிற்காமல் நகர்கிறவரே களைப்பின்றி முன்னதாகச் சேருவார். முற்பகல் பதினொன்று பன்னிரண்டு மணிக்கு மதிய உணவு, இரண்டு மூன்று மணிக்குள் அன்றைய தங்குமிடம். பிற்பகலில் மேகமும் காற்றும் வந்துவிடும் என்பதால் இந்த அவசரமற்ற முன்னேற்பாடு.

சேர்ந்ததும் படுத்துவிடத் தோன்றும். படுக்காதீர்கள். வியர்வையில் நனைந்த உள்ளாடையை உடனே மாற்றி, உடம்பைப் போர்த்திக்கொண்டு, ஒரு குவளை இஞ்சித் தேநீர் குடித்துவிட்டு, அரை மணி நேரம் அருகிலுள்ள மேட்டில் மெல்ல ஏறி இறங்குங்கள். பகலில் மேலே ஏறி, இரவில் கீழே உறங்குவதே உடலைப் பழக்கும் வழி. நாம்சேயிலும் திங்போச்சேயிலும் வரும் "ஓய்வு நாள்" கூட இத்தகையதுதான். நாம்சேயில் அன்று 3,880 மீட்டரில் உள்ள எவரெஸ்ட் வியூ ஹோட்டல் வரை போய்த் திரும்புவார்கள். 4,410 மீட்டரில் உள்ள திங்போச்சேயில் ஊருக்குப் பின்னே எழும் நாங்கர்த்சாங் குன்றில் ஏறுவார்கள். எதிரே 6,812 மீட்டர் ஆமா தப்லாம் கைக்கெட்டும் தூரத்தில் நிற்பது போலத் தெரியும். அந்த நாள்களில் அறையிலேயே கிடப்பவர்களுக்குத்தான் அடுத்த நாள் தலைவலி அதிகம் வரும்.

சாப்பாடும் தண்ணீரும்

தங்குவது டீ ஹவுஸ் எனப்படும் விடுதிகளில். ஷெர்பா குடும்பங்கள் நடத்துபவை அவை. சமையலறையை ஆளும் அக்காவை "தீதி" என்று அழைத்தால் முகம் மலரும். உணவுப் பட்டியலில் பீட்சா முதல் நூடுல்ஸ் வரை எல்லாம் இருக்கும். ஆயினும் சோறு, பருப்பு, காய்கறி, அப்பளம் சேர்ந்த தால் பாத்தையே கேளுங்கள். அன்றன்று சமைப்பது, கேட்கக் கேட்க மறுபடி பரிமாறுவது, நம் வயிற்றுக்குப் பழகியது. எவரெஸ்டை ஒட்டிய இந்தக் கும்புப் பகுதியில் உயிர்வதை செய்வதில்லை என்பதால் இறைச்சி கீழிருந்து பல நாள் சுமந்து கொண்டுவரப்படுகிறது. நாம்சேக்கு மேல் அசைவத்தைத் தவிர்த்துவிடுங்கள். மறுநாள் காலை உணவை முந்தின இரவே சொல்லிவிட வேண்டும். அடுப்பெரிக்கும் பொருள் அரிதான இடத்தில் அது வெறும் சம்பிரதாயம் அன்று.

நாளொன்றுக்கு மூன்று லிட்டரை ஒட்டி நீர் உள்ளே போக வேண்டும். தேநீர், சூப் எல்லாம் கணக்கில் சேரும். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்காமல், கொதிக்கவைத்ததை வாங்குங்கள் அல்லது சுத்திகரிப்பு மாத்திரை போடுங்கள். உயரம் கூடக் கூட எல்லாவற்றின் விலையும் கூடும். ஒவ்வொரு பொருளும் மனித முதுகிலோ யாக்கின் முதுகிலோ ஏறி வந்தது என்பதை நினைத்தால் பேரம் பேசத் தோன்றாது. கைபேசிக்கு மின்னேற்றம், வெந்நீர்க் குளியல், வைஃபை ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம் உண்டு. நாம்சேயைத் தாண்டினால் ஏ.டி.எம். கிடையாது, நேபாள ரூபாயை ரொக்கமாக அங்கேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

மாலையில் வழிகாட்டி பார்ப்பது என்ன

ஐந்து மணிக்குச் சாப்பாட்டுக்கூடத்தின் நடுவிலுள்ள இரும்புக் கணப்பில் யாக் சாண வரட்டியைப் போட்டுப் பற்றவைப்பார்கள். எல்லோரும் அதைச் சுற்றி உட்கார, வழிகாட்டி இரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டருடன் ஒவ்வொருவராக வருவார். கையைச் சற்றுத் தேய்த்துச் சூடாக்கிவிட்டு விரலை நீட்டுங்கள். குளிர்ந்த விரலில் அளவு தவறாகக் காட்டும். 4,500 மீட்டரில் எண்பதை ஒட்டிய எண்ணைக் கண்டு கொரோனா காலத்து நினைவில் பதற வேண்டாம். வழிகாட்டி அந்த எண்ணை மட்டும் பார்ப்பதில்லை.

இதை நான் திங்போச்சேயில் இரண்டாம் நாள் மாலை கற்றுக்கொண்டேன். பிற்பகலிலிருந்தே எனக்கு நெற்றிப்பொட்டில் தலைவலி. என்னால் குழு தாமதப்படக் கூடாது என்று, கேட்டபோதெல்லாம் "நன்றாக இருக்கிறேன்" என்றேன். என் ஆக்சிமீட்டர் எண்ணும் மற்றவர்களுடையதைப் போலவே இருந்தது. சாப்பாடு முடிந்ததும் எங்கள் வழிகாட்டி என் அருகே வந்து அமர்ந்து, என் தட்டைச் சுட்டினார். பருப்பு ஆடை கட்டியிருந்தது. சோற்றில் ஒரு மூலை மட்டுமே குறைந்திருந்தது. "முதல் நாள் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டீர்கள். இன்று ஒரு முறைகூடக் காலியாகவில்லை. எப்போதிலிருந்து வலிக்கிறது?" என்று கேட்டார். மறுநாள் குழு கிளம்ப, துணை வழிகாட்டியோடு நான் அங்கேயே இன்னோர் இரவு தங்கினேன். வலி நீங்கியது, பசி திரும்பியது, ஒரு நாள் பிந்தி அடிவார முகாமையும் பார்த்தேன். பொய் சொல்லி அடுத்த தங்குமிடமான லொபுச்சே வரை ஏறியிருந்தால் கதை எப்படி முடிந்திருக்கும் என்று நினைக்க இன்றும் உள்ளம் நடுங்குகிறது.

வழிகாட்டியின் முதன்மைப் பணி வழி காட்டுவது அன்று. பாதை தெளிவாகவே இருக்கிறது. உங்களைக் கவனிப்பதே அவர் பணி. ஆகவே தலைவலி, குமட்டல், பசியின்மை, வழக்கத்தை மீறிய சோர்வு ஆகியவற்றை வந்த மணியிலேயே சொல்லுங்கள். தலைவலியோடு இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் அது குறையும் வரை மேலே ஏறக் கூடாது. கூடினால் இறங்க வேண்டும். ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குதல், நெஞ்சில் நீர் கொறகொறப்பது போன்ற ஒலி, நுரை கலந்த சளி ஆகியவை நுரையீரலில் நீர் கோப்பதன் அறிகுறிகள். குழறும் பேச்சும், ஒரு காலின் விரல்நுனியை ஒட்டி மறுகாலின் குதிகாலை வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னால் தள்ளாடுவதும் மூளை வீக்கத்தின் அறிகுறிகள். இவற்றில் எது தெரிந்தாலும், நள்ளிரவானாலும், உடனே கீழே இறங்க வேண்டும். விடியட்டும் என்று காத்திருந்ததால் உயிர்கள் போயிருக்கின்றன. திங்போச்சேக்கு அருகே பெரிச்சேயில் இமாலய மீட்புச் சங்கம் நடத்தும் மருத்துவ நிலையம் நடைப்பருவங்களில் இயங்குகிறது. உயர நோய் பற்றி அங்கே பிற்பகலில் மருத்துவர்கள் ஆற்றும் உரையைத் தவறாமல் கேளுங்கள்.

இரவு

அறைகளில் கணப்பு கிடையாது. ஒட்டுப்பலகைச் சுவருக்கு அப்பால் இருமுகிறவரின் மூச்சுகூடக் கேட்கும். வெந்நீர் நிரப்பிய பாட்டிலை உறையிட்டு உறக்கப்பைக்குள் கால்மாட்டில் வைத்துக்கொண்டால் விடியும்வரை இதமாக இருக்கும். காலையில் அதுவே குடிநீர். கைபேசி, பவர் பேங்க், நாளை போடும் காலுறை எல்லாம் உறக்கப்பைக்குள் வரட்டும். குளிரில் பேட்டரி விரைவில் வடிந்துவிடும்.

தூக்கத்தில் மூச்சு சில நொடிகள் நின்று, திடீரென்று பெருமூச்சோடு விழிப்பு வரலாம். உயரத்தில் இது இயல்பானது; எழுந்து உட்கார்ந்து நிதானமாக மூச்சு விட்டால் அடங்கும். தூக்க மாத்திரையும் மதுவும் மூச்சை மேலும் மட்டுப்படுத்தும் என்பதால் இரண்டையும் தொடாதீர்கள்.

கழிப்பறை பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, நான் சொல்லிவிடுகிறேன். மேலே போகப் போகக் குழாய்கள் உறைந்துவிடும். மூலையில் ஒரு நீல டிரம்மும் ஒரு குவளையும் இருக்கும். விடியற்காலையில் டிரம்மின் மேற்பரப்பில் கண்ணாடி போலப் பனிப்பாளம் படிந்திருக்க, குவளையின் விளிம்பால் இரண்டு தட்டுத் தட்டி உடைத்துத்தான் நீரை மொள்ள வேண்டும். காகிதமும் கைகழுவும் திரவமும் தலைவிளக்கும் கையோடு இருக்கட்டும். பயன்படுத்திய காகிதத்தைக் கூடையில் போடுங்கள். பெண்கள் தங்களுக்கு வேண்டிய நாப்கின்களை ஊரிலிருந்தே கொண்டு வருவது நல்லது. உயரத்தில் மாதவிடாய் முன்பின்னாக வருவதுண்டு.

பாதையில் பழக வேண்டியவை

யாக்குகளோ கோவேறு கழுதைகளோ எதிரே வந்தால் பாதையின் மலைப்பக்கம் ஒதுங்கி நில்லுங்கள். பள்ளத்தாக்குப் பக்கம் நின்றவரை மூட்டை இடித்துத் தள்ளிவிடும். அவை பாலத்தில் இருந்தால் முழுதும் கடக்கும்வரை காத்திருங்கள். மந்திரம் செதுக்கிய மணிக்கற்சுவர்களை நம் கோயில் பிராகாரத்தைப் போலவே வலம்வர, அதாவது வலக்கைப் பக்கம் அவை இருக்குமாறு, கடக்க வேண்டும்.

ஷெர்பா என்பது ஓர் இனத்தின் பெயர். சுமை தூக்குபவர் எல்லோரும் ஷெர்பா அல்லர். ராய், தமாங் முதலிய சமூகத்தவர் பலர் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். நெற்றியில் பட்டை கட்டிக் கூடை சுமந்து ஏறும் அவர்கள், இளைப்பாறும்போது கூடையை இறக்கி வைப்பதில்லை. டி வடிவக் கைத்தடியைப் பின்னால் ஊன்றி, கூடையின் அடியை அதன்மேல் அமர்த்தி, நின்றபடியே மூச்சு வாங்குவார்கள். அந்த நேரத்தில் வழியை அடைத்துக்கொண்டு படம் எடுக்காதீர்கள். ஒருவர் எத்தனை கிலோ தூக்குகிறார், அவருக்குக் கம்பளி உடையும் காப்பீடும் உண்டா, இரவில் எங்கே உறங்குகிறார் என்று பணம் கட்டுவதற்கு முன்பே ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள். விடை மழுப்பலாக வந்தால் வேறு ஏற்பாட்டாளரைத் தேடுங்கள்.

மேலே கடைசி நாள்கள்

திங்போச்சேயிலிருந்து லொபுச்சே செல்லும் வழியில், தூக்லா ஏற்றத்தின் உச்சியில் எவரெஸ்டில் உயிர்நீத்தோரின் நினைவுக் கற்குவியல்கள் வரிசையாக நிற்கின்றன. லொபுச்சே 4,940 மீட்டர். மறுநாள் 5,164 மீட்டரில் கோரக் ஷெப். அங்கே பைகளை வைத்துவிட்டு, கும்புப் பனியாற்றின் ஓரமாகக் கற்குவியல்கள் மேல் நடந்து அடிவார முகாமை அடைந்து, அன்றே கோரக் ஷெப் திரும்ப வேண்டும். அன்றைய நாள் நீளமானது. சாக்லேட்டும் வெந்நீரும் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அடிவார முகாமிலிருந்து எவரெஸ்டின் உச்சி தெரியாது. இது தெரியாமல் வந்து வாடிப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன். 8,848.86 மீட்டர் சிகரத்தை முகமுகமாகக் காண 5,545 மீட்டர் காலாபத்தருக்கு மறுநாள் விடியலுக்கு முன் ஏற வேண்டும். பூஜ்ஜியத்துக்கு வெகு கீழே இறங்கிய குளிரில், தலைவிளக்கு வெளிச்சத்தில், இருபது அடிக்கு ஒருமுறை நின்று நின்றுதான் ஏற முடியும். முந்தின இரவு தலைவலி இருந்தால் ஏறாதீர்கள். வழிகாட்டி வேண்டாம் என்றால் விவாதிக்காதீர்கள்.

இறக்கம்

ஏற எட்டு நாள் பிடித்த தூரத்தை மூன்றே நாளில் இறங்கிவிடுவோம். பெரிச்சேயில் பசி திரும்பும், நாம்சேயில் தூக்கம் திரும்பும். கால் சறுக்கி விழுவது பெரும்பாலும் இந்த நாள்களில்தான். ஊன்றுகோலின் நீளத்தைச் சற்றுக் கூட்டி, அடியைக் குறுக்கி வையுங்கள். வறண்ட காற்றில் பிடித்த இருமல் ஊர் சேர்ந்தபின்னும் ஒரு வாரம் இருக்கலாம்.

லுக்லாவில் கடைசி மாலை அன்பளிப்பு கொடுக்கும் வழக்கம் உண்டு. குழுவாகச் சேர்த்த தொகையை ஒருவரிடம் மொத்தமாகத் தராமல், ஒவ்வொரு சுமைதூக்கிக்கும் தனி உறையில், இரு கைகளாலும், அவர் பெயரைச் சொல்லிக் கொடுங்கள். மறுநாள் விமானம் அதிகாலையில் வந்துவிடும். நீங்கள் எழுவதற்குள் அவர்களில் சிலர் அடுத்த குழுவின் சுமையோடு பாக்டிங் பாதையில் இறங்கியிருப்பார்கள்.